மாவட்டம் வரை வந்த மனநலம்

மாவட்ட மனநலத் திட்டத்தை 1996இல் ஒன்றிய அரசு தொடங்கியபோது, நாடு முழுவதிலுமிருந்து தேர்ந்தெடுத்தவை நான்கே மாவட்டங்கள். அவற்றில் ஒன்று திருச்சி. மனநோய்க்கு மருந்து வாங்க இனிச் சென்னையின் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனைக்கு ரயிலேற வேண்டாம். மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலுமே கிடைக்கும் என்பதுதான் அந்தத் திட்டத்தின் சாரம். அன்றைக்கு அது பெரிய வாக்குறுதி. ஐந்து ஆண்டுகள் கழித்து, அதே தமிழ்நாட்டில், ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் ஒரு தனியார் காப்பகத்தின் கீற்றுக் கொட்டகை தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தார்கள். 28 பேர் இறந்துபோனார்கள்.

இந்த இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால்தான் இந்தியாவின் சமூக மனநல வரலாறு பிடிபடும். திட்டம் தீட்டுவதில் நாம் யாருக்கும் சளைத்தவர்கள் இல்லை. தேசிய மனநலத் திட்டம் என்ற ஒன்றை 1982லேயே வகுத்த வளரும் நாடுகள் மிகச் சில. அவற்றுள் இந்தியா முன்வரிசையில் நின்றது. ஆனால், அந்தத் திட்டம் மாவட்டத் தலைநகரில் வண்டியை நிறுத்திவிட்டது. அங்கிருந்து வீட்டு வாசல் வரையிலான தூரத்தை ஒரு தாயோ மனைவியோ அக்காவோதான் இன்றைக்கும் நடந்து கடக்கிறார்கள். அவர்களுக்குச் சம்பளம் கிடையாது, விடுப்பு கிடையாது, பிள்ளைக்கு என்ன நோய் என்று உட்கார வைத்து விளக்கிச் சொன்னவர்கள்கூடப் பெரும்பாலும் கிடையாது. அந்தப் பெண்களின் உழைப்பைத்தான் ‘சமூகம் சார்ந்த சிகிச்சை’ என்று அறிக்கைகளில் அரசின் கணக்கில் எழுதிக்கொண்டிருக்கிறோம்.

மதிலும் கூடாரமும்

சென்னையில் 1794இல் வாலன்டைன் கொனோலி என்ற மருத்துவர் மனநோயாளிகளுக்கென ஒரு தனியார் விடுதி நடத்தினார். கம்பெனி காலத்து ஏற்பாடு அது. 1871இல் அரசு விடுதி கீழ்ப்பாக்கத்துக்கு வந்தது. ஊருக்கு வெளியே, தோப்புக்கு நடுவே, உயரமான மதிலுக்குள். பிறகு ஊர் வளர்ந்து மதிலைச் சூழ்ந்துகொண்டது. மதில் மட்டும் அப்படியே நின்றது. சினிமா நகைச்சுவையில் ‘கீழ்ப்பாக்கம்’ என்ற ஒற்றைச் சொல்லுக்குத் தியேட்டர் முழுக்கச் சிரித்த தலைமுறைகள் நம்முடையவை. ஓர் ஊர்ப்பெயரே வசையாகிப்போனால், அந்த ஊருக்குச் சிகிச்சைக்குப் போவது எப்படி என்று யாரும் கேட்டுக்கொள்ளவில்லை.

1912ஆம் ஆண்டுச் சட்டத்தின் கவலை, நோயாளியிடமிருந்து ஊரைக் காப்பாற்றுவதுதான். விடுதலைக்குச் சற்று முன், 1946இல், சுகாதார நிலையை ஆராய்ந்த போர் (Bhore) குழு கணக்கெடுத்தபோது நாடு முழுவதும் மனநல மருத்துவமனைகளில் இருந்த படுக்கைகள் ஏறத்தாழ பத்தாயிரம்தான். ஆக, மதிலுக்குள் அடைபட்டவர்களைவிடப் பல மடங்கு பேர் எப்போதுமே வீட்டில்தான் இருந்தார்கள். மேலை நாடுகளைப் போல லட்சக்கணக்கானோரை மனநல மருத்துவமனைகளில் குவித்துவைத்துப் பிறகு வெளியே அனுப்பிய கதை நம்முடையது இல்லை. இங்கே பெரும்பாலோர் மருத்துவமனையையே பார்த்ததில்லை. இதை மறந்துவிட்டு, மதிலை இடித்துவிட்டால் சமூக மனநலம் வந்துவிடும் என்று பேசுவது அர்த்தமற்றது.

1950களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனைக்குப் பொறுப்பேற்ற டாக்டர் வித்யாசாகரைப் பற்றித் தமிழில் அதிகம் எழுதப்பட்டதில்லை. நோயாளிகள் நிரம்பி வழிந்தார்கள். ஊழியர்களோ மிகக் குறைவு. அவர் மருத்துவமனை வளாகத்திலேயே கூடாரங்களை அடித்து, நோயாளியோடு குடும்பத்தினரையும் தங்கச் சொன்னார். மாலையில் எல்லோரையும் கூட்டி உட்காரவைத்து நோயைப் பற்றிப் பேசினார். குடும்பத்தினர் ஒருவரையொருவர் பார்த்தார்கள்: ‘நம்ம பையனுக்கு மட்டும் இல்லை போலிருக்கிறதே.’ நோயாளிகள் சீக்கிரம் வீடு திரும்பினார்கள். மருத்துவமனையில் விட்டுவிட்டு முகவரி தெரியாமல் போய்விடும் உறவினர்களின் எண்ணிக்கை குறைந்தது. ஆள் பற்றாக்குறைக்காகச் செய்த ஏற்பாடு, இந்தியாவில் குடும்பம் சார்ந்த மனநல சிகிச்சையின் தொடக்கப்புள்ளியாக அமைந்தது.

வேலூர் சிஎம்சி மனநல மையமும் இதே வழியில் போனது. டாக்டர் ஃப்ளாரன்ஸ் நிக்கல்ஸ் முயற்சியில் பாகாயத்தில் 1957இல் உருவான அந்த மையத்தில் நோயாளியோடு குடும்பத்தில் ஒருவர் கூடவே தங்கியாக வேண்டும். கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. அமிர்தசரஸிலும் வேலூரிலும் குடும்பத்தை அழைத்தவர்கள், அந்தக் குடும்பத்துக்குக் கற்றுக்கொடுத்தார்கள். மாத்திரையை ஏன் நிறுத்தக் கூடாது, தூக்கம் குறைந்தால் அது எதன் அறிகுறி, கோபத்தில் கத்தும்போது பதிலுக்குக் கத்தாமல் இருப்பது எப்படி என்று தெரிந்துகொண்டுதான் ஊர் திரும்பினார்கள். பின்னால் வந்த அரசுத் திட்டங்கள் குடும்பத்தை எடுத்துக்கொண்டன, கற்றுக்கொடுப்பதை விட்டுவிட்டன.

கீழ்ப்பாக்கம் மருத்துவமனையின் கண்காணிப்பாளராக நெடுங்காலம் இருந்த டாக்டர் சாரதா மேனனின் பெயரை இங்கே சொல்லாமல் இருக்க முடியாது. இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் என்று அவரை அறிமுகப்படுத்துவது வழக்கம். அதைவிட முக்கியம், புறநோயாளிப் பிரிவை வலுப்படுத்தியதும், மாவட்ட மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு வேண்டும் என்று விடாமல் அரசைக் கேட்டதும். ஓய்வுபெற்ற பிறகு 1984இல் ‘ஸ்கார்ஃப்’ என்னும் மனச்சிதைவு ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கினார். மருந்துச் சீட்டு எழுதியதோடு மருத்துவரின் வேலை முடிவதில்லை. நோயாளி ஒரு வேலைக்குப் போய்ச் சம்பாதிக்கும்வரை நீள்கிறது என்பது அவர் நிலைப்பாடு.

பெல்லாரியில் நடந்தது

1970களின் நடுவில் இரண்டு இடங்களில் சோதனை தொடங்கியது. ஒன்று, பெங்களூரு மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் எடுத்துக்கொண்ட சகலவாரா கிராமம். மற்றொன்று, சண்டிகர் மருத்துவர்கள் எடுத்துக்கொண்ட ஹரியாணாவின் ராய்ப்பூர் ராணி. கேள்வி எளியது: மனநல மருத்துவர் இல்லாத ஊரில், இருக்கிற பொது மருத்துவருக்கும் செவிலியருக்கும் பயிற்சி கொடுத்தால் மனநோயைக் கண்டுபிடித்துச் சிகிச்சை தர முடியுமா? முடியும் என்று விடை வந்தது. அந்த விடையின் பலத்தில்தான் 1982இன் தேசியத் திட்டம் எழுதப்பட்டது. பிறகு, ஒரு கிராமத்தில் செய்ததை ஒரு மாவட்டம் முழுக்கச் செய்ய முடியுமா என்று பார்க்கக் கர்நாடகத்தின் பெல்லாரி தேர்வானது. 1985 முதல் 1990 வரை அங்கே நடந்ததுதான் இன்றைய மாவட்ட மனநலத் திட்டத்துக்கு அச்சு.

பெல்லாரியில் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர்களும் களப்பணியாளர்களும் குறுகிய காலப் பயிற்சி பெற்றார்கள். வலிப்பு, மனச்சிதைவு, மனச்சோர்வு போன்ற சில நோய்களை மட்டும் கண்டறியச் சொல்லிக்கொடுத்தார்கள். நாலைந்து அவசிய மருந்துகள் தரப்பட்டன. மாவட்ட அளவில் ஒரு மனநல மருத்துவர் துணை நின்றார். பின்னால் இருந்து தாங்க நிம்ஹான்ஸ் இருந்தது. பெல்லாரி வெற்றி பெற்றதற்கு அந்தக் கடைசி வரிதான் காரணம் என்று நினைக்கிறேன். மாதாமாதம் யாரோ வந்து கேட்டார்கள்: போன மாதம் பார்த்த அந்த அம்மா மறுபடி வந்தாரா, வரவில்லையென்றால் ஏன்? நாடு முழுக்கப் பரப்பியபோது பயிற்சிக் கையேடு எல்லா மாவட்டங்களுக்கும் போனது. அந்தக் கேள்வியைக் கேட்கும் ஆள் போகவில்லை. பயிற்சி பெற்ற மருத்துவர் இடமாற்றலில் போனார்; புதிதாக வந்தவருக்கு அப்படியொரு பயிற்சி உண்டென்பதே தெரியாது.

மாதம் ஒரு நாள்

நான்கு மாவட்டங்களில் தொடங்கிய திட்டம் இன்று ஆவணப்படி 700க்கும் மேற்பட்ட மாவட்டங்களில் இருக்கிறது. தமிழ்நாட்டில் எல்லா மாவட்டங்களிலும் இருக்கிறது. இதைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. மாவட்டத் தலைமை மருத்துவமனையில் மனநலப் பிரிவு என்று ஓர் அறை, ஒரு மருத்துவர், இலவச மருந்து ஆகியவை ஒரு தலைமுறைக்கு முன் நினைத்துப் பார்க்க முடியாதவை. மருந்து கொள்முதலில் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் காட்டிவரும் ஒழுங்கு, பல வட மாநிலங்களுக்கு இன்னும் வாய்க்கவில்லை.

ஆனாலும் ஒரு நோயாளியின் பக்கமிருந்து பார்த்தால் இந்தத் திட்டம் எப்படித் தெரிகிறது? குறிப்பிட்ட கிழமையில் தாலுகா மருத்துவமனைக்கு மாவட்டக் குழு வரும். அன்றைக்குக் கூலி போகும். காலையில் கிளம்பி, ஓ.பி. சீட்டு வாங்கி, வரிசையில் நின்று, மருத்துவரின் எதிரில் உட்காரும்போது கிடைப்பது சில நிமிடங்கள். ‘தூங்குறாரா? சாப்பிடுறாரா? அதே மாத்திரையைத் தொடருங்க.’ இதில் மருத்துவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. வெளியே இன்னும் எத்தனையோ பேர் காத்திருக்கிறார்கள். அடுத்த மாதம் அம்மாவுக்குக் காய்ச்சல், கூட்டிவர ஆள் இல்லை. மாத்திரை நின்றுபோகிறது. மனச்சிதைவில் மாத்திரை நின்றால் நோய் மறுநாளே திரும்பிவிடாது. சில வாரங்கள், சில சமயம் மாதங்கள்கூட ஆகும். நின்றதும் நல்லாத்தானே இருக்கிறான் என்று வீட்டாருக்குத் தோன்றுவது அதனால்தான். பிறகு ஒருநாள் எல்லாம் குலைகிறது. சிகிச்சைக்கு வராமல்போனவரைத் தேடிக்கொண்டு யாரும் வீட்டுக்குப் போவதில்லை என்பதே இந்தத் திட்டத்தின் மிகப் பெரிய ஓட்டை. காசநோய்க்கு நாம் அப்படி விட்டோமா? மாத்திரையை நிறுத்திய காசநோயாளியைத் தேடிப் பணியாளர் போகிறார். அதற்கென்று பதிவேடு இருக்கிறது. பதில் சொல்ல வேண்டிய அதிகாரி இருக்கிறார்.

2015-16இல் 12 மாநிலங்களில் நிம்ஹான்ஸ் நடத்திய தேசிய மனநல ஆய்வு, பெரியவர்களில் 10.6 விழுக்காட்டினருக்கு அந்த நேரத்தில் ஏதோவொரு மனநலப் பிரச்சினை இருந்ததாகச் சொன்னது. அவர்களில் சிகிச்சை கிடைக்காதவர்களின் பங்கு, நோயைப் பொறுத்து 70 முதல் 92 விழுக்காடு வரை. தேசியத் திட்டம் வந்து முப்பது ஆண்டுகளைத் தாண்டிய பிறகு எடுத்த கணக்கு இது. இந்த எண்களைச் சொன்னதும் வழக்கமாக வரும் பதில், மனநல மருத்துவர்கள் போதவில்லை என்பது. உண்மைதான், லட்சம் பேருக்கு ஒருவர்கூட இல்லை. ஆனால், அது பாதி உண்மை. மீதிப் பாதிக்குப் பின்னால் வருகிறேன்.

ஏர்வாடிக்குப் பிறகு

தீ விபத்துக்குப் பின் உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. மாநில அரசு நீதிபதி ராமதாஸ் ஆணையத்தை அமைத்தது. சில நாட்களுக்குள் ஏர்வாடியின் காப்பகங்கள் மூடப்பட்டு, 500க்கும் மேற்பட்டோர் அரசுப் பொறுப்புக்கு வந்தார்கள். பெருமளவினர் கீழ்ப்பாக்கத்துக்குப் போனார்கள். சங்கிலியிலிருந்து மதிலுக்கு. அந்த நேரத்தில் அரசுக்கு வேறு வழியில்லை என்பது நியாயம்தான்; வேறு வழி ஏன் இல்லை என்பதுதான் பின்னால் கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

ஏர்வாடிக்கு அழைத்துவந்தவர்கள் யார்? கொடுமைக்காரர்கள் இல்லை. கடன் வாங்கி, பல மருத்துவமனைகளின் படியேறி, கேரளத்து மாந்திரீகரிடமும் போய் வந்து, கடைசியில் அங்குள்ள தர்காவில் விட்டவர்கள். காப்பகத்துக்கு மாதாமாதம் பணம் அனுப்பியவர்கள். சங்கிலி ஒரு மூடநம்பிக்கையின் அடையாளம் என்று நகரத்துப் பத்திரிகைகள் அப்போது எழுதின. எனக்கு அது பற்றாக்குறையின் அடையாளமாகத்தான் படுகிறது. இரவில் எழுந்து ஓடிப்போகும் ஒருவரைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாத இடத்தில் சங்கிலி ஓர் ஊழியரின் வேலையைச் செய்தது. அதை நியாயப்படுத்தவில்லை. சங்கிலியை அறுத்த பிறகு அந்த ஊழியர் வர வேண்டும், அவர் வரவில்லை என்கிறேன். கிராமங்களில் மாட்டுத் தொழுவத்திலும் பின்கட்டு அறையிலும் கட்டிவைக்கப்பட்ட மனிதர்களை இன்றும் அவ்வப்போது வருவாய்த் துறையினர் மீட்கிறார்கள். நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் படத்தோடு செய்தி வருகிறது. மீட்கப்பட்டவர் எங்கே போனார் என்று அடுத்த செய்தி வருவதில்லை.

வழிபாட்டுத் தலங்களோடு சண்டை போடுவதா, சேர்ந்து நடப்பதா என்பதில் அரசு பின்னர் புத்திசாலித்தனமாக ஒரு முடிவெடுத்தது. குஜராத்தின் மீரா தாதார் தர்காவில் முயன்று பார்த்த வழியைப் பின்பற்றி, ‘துவாவும் தவாவும்’, அதாவது பிரார்த்தனையும் மருந்தும், ஏர்வாடியிலும் வந்தது. தர்காவுக்கு வருவோரைத் தர்காவைச் சேர்ந்தவர்களே மருத்துவரிடம் அனுப்புகிறார்கள். தொழுகையும் நடக்கிறது, மாத்திரையும் கிடைக்கிறது. பகுத்தறிவாளர்கள் சிலருக்கு இது உவப்பாக இல்லை. ஆனால், திருச்சி அருகே குணசீலம் கோயிலில் ஒரு மண்டலம் தங்கும் குடும்பத்தையோ ஏர்வாடியில் தங்கும் குடும்பத்தையோ கேட்டுப் பாருங்கள்: மருத்துவமனையில் கிடைக்காத எதையோ அவர்கள் அங்கே பெறுகிறார்கள்.

அது என்ன என்று ஓர் ஆய்வு தேடிப் பார்த்தது. தமிழகக் கிராமம் ஒன்றின் முத்துசாமி கோயிலில் தங்கிய 31 பேரை மனநல மருத்துவர்கள் கவனித்து, 2002இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார்கள். சராசரியாக ஆறு வாரம் தங்கியவர்களின் நோய்க்குறிகள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தன. மருந்து கொடுக்கவில்லை, தனிச் சடங்கு என்றும் எதுவுமில்லை. கோயிலைச் சுற்றிச் சின்னச் சின்ன வேலைகள், மிரட்டாத சூழல், குடும்பத்தில் ஒருவர் கூட இருப்பது, இவ்வளவுதான். மருந்து வேண்டாம் என்று இதற்குப் பொருள் இல்லை. 31 பேரை வைத்து அப்படிச் சொல்லவும் முடியாது. மருந்தோடு சேர்ந்து வேறென்ன வேண்டும் என்பதை அந்தக் கோயில் தெரிந்து வைத்திருந்தது. மாதம் ஒருமுறை வரும் மாவட்டக் குழுவின் வேனுக்கு அது தெரியவில்லை.

காகிதத்தில் தாராளம்

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. படிக்கப் படிக்க வியப்பூட்டும் சட்டம். சங்கிலியால் கட்டுவதைத் தடை செய்கிறது. தற்கொலைக்கு முயன்றவரைக் குற்றவாளியாகப் பார்க்காமல் கடும் மன நெருக்கடியில் இருப்பவராகக் கருதச் சொல்கிறது. எனக்கு நோய் முற்றினால் இப்படித்தான் சிகிச்சை தர வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிவைக்கும் உரிமையைத் தருகிறது. சமூகத்தில் வாழும் உரிமை என்று தனிப் பிரிவே இருக்கிறது: குடும்பம் இல்லை, வீடு இல்லை, வெளியே வசதி இல்லை என்பதற்காக மட்டும் ஒருவரை மனநல மருத்துவமனையில் வைத்திருக்கக் கூடாது. இடைநிலை இல்லங்களையும் குழு இல்லங்களையும் அரசு ஏற்படுத்த வேண்டும்.

இன்னொரு பிரிவு உண்டு, வழக்கறிஞர்களே அதிகம் தொட்டதில்லை. சட்டம் வகுத்த குறைந்தபட்ச மனநல சேவை ஒரு மாவட்டத்தில் இல்லையென்றால், அந்த மாவட்டத்தில் வேறெந்தச் சேவையையும் நோயாளி நாடலாம். செலவை அரசு ஏற்க வேண்டும். இந்த ஒரு பிரிவை மக்கள் முறையாகப் பயன்படுத்தினால் பல மாநிலங்களின் நிதித் துறைச் செயலர்களுக்குத் தூக்கம் போய்விடும். யாரும் பயன்படுத்துவதில்லை. தெரிந்தால்தானே? மருத்துவமனைச் சுவரில் எத்தனையோ அறிவிப்புகள் இருக்கின்றன. இது எங்காவது எழுதப்பட்டிருக்கிறதா என்று அடுத்த முறை போகும்போது பாருங்கள்.

சட்டத்துக்கும் நடப்புக்கும் உள்ள தூரத்தை அளக்க ஓர் எண் போதும். 43 அரசு மனநல மருத்துவமனைகளை ஆராய்ந்து 2019இல் வெளிவந்த அறிக்கை, உள்ளே இருப்பவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோர் ஓராண்டைத் தாண்டியும் அங்கேயே இருக்கிறார்கள் என்றது. அவர்களில் பலருக்கு மருத்துவமனைப் படுக்கை தேவையே இல்லை. தேவைப்படுவது ஒரு முகவரி. பெண்கள் என்றால் நிலைமை இன்னும் மோசம். கணவன் மறுமணம் செய்துகொண்டிருப்பான், அண்ணன் வீட்டில் அண்ணி சம்மதிக்க மாட்டாள், அம்மா இறந்துபோயிருப்பாள்.

அம்மாவுக்குப் பதில் யார்?

மனநோய் உள்ள மகனையோ மகளையோ வைத்திருக்கும் எந்தத் தாயும் தவறாமல் கேட்கும் கேள்வி, ‘எனக்கு அப்புறம் இதை யாரு பார்த்துக்குவா?’ என்பது. இதற்கு இந்தியாவில் உருப்படியான பதில் சொன்னவர்கள் பெரும்பாலும் தன்னார்வ அமைப்புகள்தான். 1993இல் சென்னையில் வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயக்குமாரும் தொடங்கிய ‘தி பேனியன்’, தெருவில் திரிந்த பெண்களுக்கு அடைக்கலம் கொடுப்பதில்தான் ஆரம்பித்தது. சிகிச்சை பெற்றுத் தேறியவர்களில் பலர் ஊர் திரும்பினார்கள். திரும்ப ஊர் இல்லாதவர்கள் தங்கிப்போனார்கள். அடைக்கலமே இன்னொரு மதிலாகிவிடக் கூடாது என்று 2015இல் ‘ஹோம் அகெய்ன்’ என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தார்கள். சாதாரணத் தெருவில் ஒரு வாடகை வீடு. அதில் நான்கைந்து பேர். துணைக்கு அதே வட்டாரத்துப் பெண் ஒருவர். சமைக்கிறார்கள், சண்டை போடுகிறார்கள், கடைக்குப் போகிறார்கள், பண்டிகைக்குப் பலகாரம் செய்து பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கிறார்கள். பல ஆண்டுகள் மருத்துவமனையில் இருந்தவருக்கு எதைச் சமைப்பது என்று தானே முடிவெடுப்பது சின்ன விஷயம் இல்லை.

சமூக மனநல சேவைகளுக்கு உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் ஒரு வழிகாட்டி வெளியிட்டது. நல்ல முன்மாதிரிகள் என்று உலகெங்கிலுமிருந்து அது எடுத்துக்காட்டியவற்றில் மூன்று இந்தியாவைச் சேர்ந்தவை: தமிழ்நாட்டின் ஹோம் அகெய்ன், குஜராத்தின் ஆத்மீயதா, கொல்கத்தாவின் நயா தௌர். பெருமைப்படலாம். மூன்றையும் உருவாக்கியவை தன்னார்வ அமைப்புகள் என்பதையும் சேர்த்துக் கவனிக்க வேண்டும். உலகத்துக்குக் காட்ட நம்மிடம் மாதிரி வீடுகள் இருக்கின்றன. தெருவெல்லாம் கட்டும் பொறுப்பு யாருடையது என்பதுதான் தெரியவில்லை.

மருத்துவர் பற்றாக்குறைக்கு இப்போது வருகிறேன். தமிழ்நாடு, கோவா, மகாராஷ்டிரத்தின் சாத்தாரா ஆகிய மூன்று இடங்களில் மனச்சிதைவு உள்ள 282 பேரிடம் நடந்த பரிசோதனையின் முடிவு 2014இல் லான்செட் இதழில் வந்தது. ஒரு பகுதியினருக்கு வழக்கமான மருத்துவமனை சிகிச்சை மட்டும். மற்றவர்களுக்கு அதோடு, பள்ளிப் படிப்பு முடித்த உள்ளூர்ப் பணியாளர் வீடு தேடி வந்து மாத்திரை, அன்றாட வேலை, குடும்பச் சிக்கல் பற்றியெல்லாம் பேசும் ஏற்பாடு. ஓராண்டு முடிவில் இரண்டாவது பிரிவினரின் நோய்க்குறிகளும் இயலாமையும் ஓரளவு கூடுதலாகக் குறைந்தன. நல்ல மாற்றம் தெரிந்தது தமிழ்நாட்டின் கிராமப்புறத்தில்தான். ஊரார் ஒதுக்குவது மட்டும் பெரிதாகக் குறையவில்லை என்பதையும் ஆய்வாளர்கள் மறைக்கவில்லை. கோவாவில் விக்ரம் பட்டேல் குழுவினர் 2010இல் காட்டியதும் இதுபோன்றதே: மனச்சோர்வு, பதற்றம் ஆகியவற்றுக்கு அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் பயிற்சி பெற்ற சாதாரண ஆலோசகர் பலன் தர முடிகிறது. மருத்துவர் வேண்டாம் என்பதில்லை. மருத்துவர் பத்து நிமிடம் பார்த்த பிறகு மீதி இருபத்தொன்பது நாளுக்கு ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளை உருவாக்க எம்.டி. பட்டம் தேவையில்லை.

பணம் போகும் பாதை

2023-24 ஒன்றிய நிதிநிலை அறிக்கையில் மனநலத்துக்குத் தனியாகத் தெரிந்த ஒதுக்கீட்டில் பெங்களூரு நிம்ஹான்ஸுக்கு 721 கோடி ரூபாய், அசாமின் தேஜ்பூர் மனநல நிறுவனத்துக்கு 64 கோடி, ‘டெலி மானஸ்’ தொலைபேசி சேவைக்கு 134 கோடி. மாவட்டத் திட்டத்துக்கான பணம் தேசிய நலவாழ்வு இயக்கத்தின் பெரிய பைக்குள் கலந்துவிட்டது. அதிலிருந்து எவ்வளவு மனநலத்துக்கு வந்தது என்று சாதாரண வாசகர் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. நிம்ஹான்ஸுக்குக் கொடுத்தது தவறில்லை, அது இல்லாமல் சகலவாராவும் இல்லை, பெல்லாரியும் இல்லை. உச்சியில் பணம் தெரிகிறது, அடிவாரத்தில் தெரியவில்லை என்பதுதான் வாதம்.

டெலி மானஸ் 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கியது. 14416 என்ற எண்ணை எந்த நேரமும் அழைக்கலாம், தமிழிலும் பேசுவார்கள். தேர்வு பயத்தில் தவிக்கும் மாணவருக்கும் நள்ளிரவில் அழும் இளம் தாய்க்கும் அது உண்மையான துணை. ஆனால் மனச்சிதைவு முற்றிய நிலையில், தனக்கு நோயே இல்லை என்று நம்பும் ஒருவர் அந்த எண்ணை அழைக்க மாட்டார். அழைப்பதும் அம்மாதான். அழைத்த பிறகு ‘அவரைப் பக்கத்து மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள்’ என்ற பதிலோடு அவர் மறுபடியும் தனியாகத்தான் நிற்கிறார். கூட்டிப்போக முடிந்தால் ஏன் அழைக்கிறார்?

வெளியே துணை இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு வெளிநாட்டிலும் பாடம் உண்டு. அமெரிக்கா 1963இல் சமூக மனநல மையச் சட்டம் கொண்டுவந்து பெரிய மருத்துவமனைகளைக் காலி செய்தது. திட்டமிட்ட மையங்களில் பாதியளவுதான் எழும்பின. வெளியே வந்தவர்களில் பலர் தெருவிலும் சிறையிலும் போய்ச் சேர்ந்தார்கள். இத்தாலியின் த்ரியெஸ்தே நகரம் வேறு விதமாகச் செய்தது. மருத்துவர் ஃப்ராங்கோ பசாலியா 1971இல் அங்கே வந்து, 1978இல் புதிய சட்டம் வருவதற்கு முன்பே வட்டாரம்தோறும் மையங்களைத் திறக்கத் தொடங்கியிருந்தார். 24 மணி நேரமும் கதவு திறந்திருக்கும், சில படுக்கைகள் இருக்கும், வேலைவாய்ப்புக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் இருக்கும் மையங்கள். முதலில் வெளியே கட்டினார்கள், பிறகு உள்ளே மூடினார்கள். வரிசை முக்கியம்.

முதலில் வெளியே கட்டுவது தமிழ்நாட்டுக்கு எட்டாக் கனி இல்லை. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021 ஆகஸ்டில் தொடங்கியபோது, சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வீட்டுக்கே வரும் என்பதை நம்பாதவர்கள் இருந்தார்கள். இன்று மகளிர் சுய உதவிக் குழுவைச் சேர்ந்த பெண் பையோடு தெருவில் வருவது பழக்கமான காட்சி. அந்தப் பையில் மனநல மாத்திரைக்கு இடமும், அவருடைய பதிவேட்டில் மனநோய்க்கு ஒரு பத்தியும் வேண்டும். மாத்திரை தீர்ந்த தேதிக்கு இரண்டு நாளைக்குள் வராதவர் பட்டியல் அவர் கைபேசியில் தெரிய வேண்டும். அதற்காக அவருக்குக் கூடுதல் பயிற்சியும் கூடுதல் ஊதியமும் தர வேண்டும். இரண்டாவதைச் சொல்லாமல் முதலாவதை மட்டும் செய்யும் பழக்கம் அரசுகளுக்கு உண்டு என்பதால் சேர்த்தே சொல்கிறேன். கிராம சுகாதாரச் செவிலியரிடம் ஏற்கெனவே இருக்கும் வேலைகளின் தலையில் இன்னொன்றை ஏற்றினால் அது பெல்லாரிக்குப் பின் நடந்ததையே திரும்ப நடத்தும்.

வேலை அடுத்தது. மனநோயும் ஊனமே என்று 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஏற்கிறது. ஆனால், வேலைக்கான சலுகை பெறத் தேவைப்படும் ஊனச் சான்றிதழுக்காக அலையும் குடும்பங்களைக் கேட்டால் தெரியும், கண்ணுக்குத் தெரியாத ஊனத்தை நிரூபிப்பதன் சிரமம். நல்லா இருக்கிற நாளில் போனால் ‘நல்லாத்தானே இருக்காரு’ என்கிறார்கள். நோய் முற்றிய நாளில் கூட்டிப்போகவே முடியாது. சான்றிதழ் வழங்கும் முகாமை மனநல மருத்துவர் வரும் கிழமையிலேயே, அதே தாலுகா மருத்துவமனையில் வைக்க எந்தச் சட்டத் திருத்தமும் தேவையில்லை. ஒரு சுற்றறிக்கை போதும்.

கடைசியில் வீடு. ஹோம் அகெய்ன் போன்ற இல்லங்களை அரசே மாவட்டந்தோறும் நடத்தலாம். செலவு மனநல மருத்துவமனைப் படுக்கைக்கு ஆவதைவிட அச்சமூட்டுவதாக இருக்காது. உண்மையான தடை பணத்தைவிட வீட்டுக்காரர்தான். சாதி கேட்டு, உணவு கேட்டு, திருமணம் ஆகிவிட்டதா என்று கேட்டு வாடகைக்கு விடும் ஊரில், மனநல சிகிச்சை பெற்று வந்த நான்கு பேருக்கு யார் சாவி கொடுப்பார்? தன்னார்வ அமைப்பு கேட்டால் மறுப்பவர், மாவட்ட ஆட்சியரே குத்தகைதாரராகக் கையெழுத்திட்டு, வாடகை மாதம் முதல் வாரத்தில் கருவூலத்திலிருந்து வரும் என்றால் யோசிப்பார். அரசு அலுவலகங்களுக்குத் தனியார் கட்டிடங்களை வாடகைக்கு எடுக்கும் பழக்கம் நமக்குப் புதிதில்லை. கீழ்ப்பாக்கத்தில் தேறிய நிலையில் காத்திருப்போரைக் கணக்கெடுத்து, அவரவர் சொந்த மாவட்டத்தில் முதல் பத்து வீடுகளுக்கான ஒப்பந்தத்தை இந்த நிதியாண்டிலேயே போட்டுவிட முடியும்.